குழாயின் கடைசியில் நிற்பவன்

காரில் ஒரு உறுப்பு இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு அதனால் ஒரு காசு பிரயோஜனம் கிடையாது. பிரேக் அவரைக் காப்பாற்றும். ஏ.சி. அவரைக் குளிர்விக்கும். ஹாரன்கூட அவருடைய கோபத்தை ஊருக்குச் சொல்லும். இது மட்டும் வண்டிக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல், பின்னால் வருகிறவனுக்காக வேலை செய்கிறது. சைக்கிளில் வருகிறவன், பஸ் ஸ்டாப்பில் குழந்தையோடு நிற்கிறவள், ரோட்டோரம் பூக்கட்டுகிற ஆச்சி, இவர்கள் அத்தனை பேருக்கும் காரின் சொந்தக்காரர் தன் செலவில் மாட்டிவைத்திருக்கும் ஒரு மரியாதை அது. பெயர் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்.

உள்ளே பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான நுண்துளைகள் போட்ட ஒரு பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று மூன்று விலை உயர்ந்த உலோகங்கள், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய பூச்சாக. எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, எரியாமல் தப்பி வந்த பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றும் ஒரு பக்கம் நுழையும். மறுபக்கம் பெரும்பாலும் கரியமில வாயு, தண்ணீர் ஆவி, சாதா நைட்ரஜன் என்று வெளியே போகும். சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் அது வேலையையே ஆரம்பிக்கும். அசையும் பாகம் எதுவும் கிடையாது. தேய்வதற்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள் சொல்வார்கள்: கன்வெர்ட்டர் தானாகச் சாவது அபூர்வம். யாரோ கொல்கிறார்கள்.

சங்கரன்கோவிலில் இருக்கும் என் மைத்துனர் ஒருத்தருக்கு இது இரண்டு தடவை பணம் கட்டித் தெரிந்தது.

எட்டு வருஷத்து பெட்ரோல் கார். ராஜபாளையம் ரோட்டில் போனால் மூன்றாவது கியருக்கு மேல் மூச்சு வாங்குகிறது. புல்லிங் இல்லை. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. ஒரு பெரிய நகரத்து ஒர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம்) விட்டார். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார்கள். கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று கோடு வந்தது. புதுசு போட்டார்கள். அரை லட்சத்தை ஒட்டி பில். விளக்கு அணைந்தது, வண்டி பறந்தது, மைத்துனர் மகிழ்ந்தார். ஏழு மாதம். மறுபடியும் அதே மூச்சு வாங்கல், அதே விளக்கு.

இந்தத் தடவை கோபத்தில் ஊரிலேயே, மேல ரத வீதியைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். நானும் கூட இருந்தேன். மெக்கானிக்குக்கு ஐம்பது வயசு இருக்கும். முதலில் வண்டியைத் தொடவே இல்லை. டாக்டர் மாதிரி கேள்வி கேட்டார். "எஞ்சின் ஆயில் எம்புட்டு குறையுது அண்ணாச்சி?" குறையவில்லை. "ரேடியேட்டர் தண்ணி?" அதுவும் இல்லை. "காலைல ஸ்டார்ட் பண்ணா உதறுமா?"

மைத்துனர் கொஞ்சம் யோசித்து, "கொஞ்சம் உதறும். சூடானா சரியாயிரும். அது ரெண்டு வருஷமா இருக்கு" என்றார்.

"ரெண்டு வருஷமா இருக்குன்னு எம்புட்டு லேசா சொல்லுதீங்க பாருங்க" என்று சிரித்துக்கொண்டே அடியில் போனார். கன்வெர்ட்டரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். தேன்கூட்டின் முகப்பு உருகி, வெயிலில் வைத்த மெழுகுவத்தி மாதிரி வழிந்து, பாதித் துளைகளை அடைத்திருந்தது. "இது பொணம். பொணத்தை மாத்திக்கிட்டே இருந்தா எப்படி? கொன்னவனைப் பிடிக்க வேண்டாமா?"

பிணத்தைப் பார்த்தே கொலையின் விதத்தைச் சொல்லலாம் என்பது அன்று தெரிந்துகொண்டது. உருகியிருந்தால், எரியாத பெட்ரோல் உள்ளே வந்து அங்கேயே எரிந்திருக்கிறது. அப்படியானால் எஞ்சினில் ஏதோ ஒரு சிலிண்டர் ஒழுங்காகத் தீப்பிடிக்கவில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. உருகாமல் சாம்பல் பூசியது போல இருந்தால், எஞ்சின் ஆயில் குடிக்கிறது. ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும். நொறுங்கிக் கடகடவென்று சத்தம் போட்டால், அடியில் கல்லோ ஸ்பீடு பிரேக்கரோ இடித்திருக்கலாம், அல்லது கொதிக்கக் கொதிக்க மழைத் தண்ணீரில் இறக்கியிருக்கலாம். சில சமயம் கன்வெர்ட்டர் உயிரோடு நன்றாகவே இருக்கும். புகைக்குழாயில் சின்ன ஓட்டை வழியே காற்று நுழைந்து சென்சாரை ஏமாற்றும். கம்ப்யூட்டர் பொய்ச் சாட்சி சொல்லும். கம்ப்யூட்டரைக் குறை சொல்லவும் முடியாது. "இவன் வேலை பார்க்கவில்லை" என்று மட்டும்தான் அது சொன்னது. ஏன் என்று அதை யாரும் கேட்கவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. நாலு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் காயில். எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு காயிலின் வயரையும் பிடுங்கிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, நாலு, எதைப் பிடுங்கினாலும் எஞ்சின் தள்ளாடியது. மூன்றாவதைப் பிடுங்கினபோது ஒன்றுமே நடக்கவில்லை. வேலையே பார்க்காதவன் லீவு போட்டால் யாருக்குத் தெரியும்? சரி, காயில்தான் குற்றவாளி என்று நாங்கள் தீர்ப்பு சொல்லிவிட்டோம். அவர் சொல்லவில்லை. மூன்றாவது காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போட்டார், ஒன்றாவதை மூன்றில் போட்டார். இப்போது மிஸ்ஸிங் ஒன்றாம் சிலிண்டருக்கு இடம் மாறிவிட்டது.

"பையன்களை இடம் மாத்தி உக்கார வச்சா, சத்தம் எவன் கூடப் போகுதுன்னு தெரிஞ்சிரும்லா" என்றார்.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843ல் தர்க்கத்தைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தில், காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிகள் என்று சிலவற்றை வகுத்தார். மற்ற எல்லாம் அப்படியே இருக்க, ஒன்றை மட்டும் மாற்று. விளைவு மாறினால் காரணம் அதுதான். தகரக் கொட்டகையில் மில்லுக்குப் பத்து நிமிஷம் ஆனது.

காயிலின் விலை கன்வெர்ட்டர் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. கதை முடிந்தது என்று நினைத்தோம். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வண்டி வாங்கினதிலிருந்து மாற்றாத பிளக். முனை தேய்ந்து, இடைவெளி அகன்று போயிருந்தது. அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்ச்சப் பாய்ச்ச காயில் வெந்து போகும். ஆக, கன்வெர்ட்டரைக் கொன்றது காயில். காயிலைக் கொன்றது பிளக். பிளக்கைக் கொன்றது?

எல்லோரும் மைத்துனரைப் பார்த்தோம். அவர், "ஓடிச்சே, ஓடுன வண்டியை எதுக்குப் பிரிக்கணும்?" என்றார்.

இங்கேதான் மெக்கானிக் வேலை முடிந்து தத்துவம் ஆரம்பிக்கிறது. காரணம் என்று எதைச் சொல்வது? எங்கே நிறுத்துவது? பிளக்கில் நிறுத்தலாம். மைத்துனரின் சிக்கனத்தில் நிறுத்தலாம். "ஓடுற வரைக்கும் ஓட்டு" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த அவருடைய அப்பாவில் நிறுத்தலாம். இப்படியே போனால் பிக் பேங்கில் போய்த்தான் நிற்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஆர்.ஜி.காலிங்வுட் 1940ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு கார் உதாரணம் தருகிறார். மேட்டில் ஏறும்போது கார் நின்றுவிடுகிறது. வழியில் போகிற ஒருத்தர் வந்து, மேட்டின் உச்சி பூமியின் மையத்திலிருந்து தூரத்தில் இருக்கிறது, அதனால் ஏறுவதற்கு அதிக சக்தி வேண்டும், அதுதான் காரணம் என்கிறார். ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? பிறகு ஒரு மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து, கழன்று கிடக்கும் பிளக் வயரைத் தூக்கிக் காட்டுகிறார்: மூன்று சிலிண்டரில் ஓட்டிக்கொண்டு இருக்கிறீர்கள், அவ்வளவுதான். (மைத்துனரின் நோய் எண்பது வருஷத்துக்கு முன்பே ஆக்ஸ்ஃபோர்டில் பதிவாகியிருக்கிறது!) காலிங்வுட் சொல்வது இதுதான்: ஒருவருக்குக் காரணம் என்பது, நடந்த ஆயிரத்தில் அவர் கைவைத்து மாற்றக்கூடிய ஒன்று. கார் ஒன்று வளைவில் கவிழ்ந்தால், டிரைவருக்குக் காரணம் வேகம். ரோடு போட்ட இன்ஜினீயருக்குக் காரணம் ரோட்டின் சரிவு. காரைச் செய்த கம்பெனிக்குக் காரணம் டிசைன்.

அழகான யோசனை. ஆனால் நம் ஊரில் அது தலைகீழாக நடக்கிறது. டிரைவர் ரோட்டைச் சொல்வார், ரோட்டுக்காரர் டிரைவரைச் சொல்வார், கம்பெனி இரண்டு பேரையும் சொல்லும். ஒவ்வொருவரும் அடுத்தவர் கை எட்டுகிற இடத்தில்தான் காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த நகரத்து ஒர்க்‌ஷாப்பைக் கேட்டால், "சார் வண்டியை ஒழுங்கா மெயின்டெய்ன் பண்ணலை" என்றுதான் சொல்லும். மைத்துனர் ஒர்க்‌ஷாப்பைத் திட்டுகிறார். இரண்டுமே நிஜம். இரண்டுமே தப்பித்தல்.

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். சந்துக்குச் சந்து தறிச்சத்தம் கேட்கும். துணியில் ஒரு குறை விழுந்தால் அது நூலில் இருந்திருக்கலாம், பாவு ஓட்டினதில் இருந்திருக்கலாம், கஞ்சி போட்டதில் இருந்திருக்கலாம். ஆனால் குறை கண்ணுக்குத் தெரிவது தறியில். தறிக்கு முன்னால் நிற்பவர் நெசவாளர். எனவே கேள்வி முதலில் அவரிடம்தான் வரும். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வாத்தியார், ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி நர்ஸ், ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், எல்லோரும் குழாயின் கடைசியில் நிற்பவர்கள். மேலே இருந்து வந்த அழுக்கெல்லாம் அவர்கள் கையில்தான் வெளிப்படுகிறது. அவர்களை மாற்றிவிட்டுப் புதுசாக ஒருத்தரைப் போட்டால் ஏழு மாதம் நன்றாக ஓடும்.

இனி அன்றைக்கு நடந்த சங்கடமான பகுதி. மூன்றாவது கன்வெர்ட்டருக்குக் காசு எண்ண மைத்துனருக்கு மனசில்லை. குரலைத் தாழ்த்தி, "இதை வெட்டி எறிஞ்சிட்டு வெறும் பைப்பை ஒட்டிரலாமாமே?" என்றார்.

மெக்கானிக் மறைக்கவில்லை. "ஒட்டலாம். ரெண்டு மணி நேர வேலை. நானே ஒட்டியும் இருக்கேன். வண்டி நல்லாத்தான் ஓடும்."

அந்த வண்டி நன்றாக ஓடும் என்பதுதான் இதில் உள்ள விஷமே. பிரேக்கை வெட்டி எறிந்தால் அடுத்த வளைவில் தெரியும். ஆயிலை ஊற்றாவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கன்வெர்ட்டரை வெட்டி எறிந்தால் எறிந்தவருக்கு லாபம் மட்டும்தான். நஷ்டம் முழுக்க முகம் தெரியாதவர்களுக்கு, அதுவும் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. தன் கன்வெர்ட்டர் இல்லாத காரினால் யாருக்கு எந்த வருஷம் இருமல் வந்தது என்று எந்த மில் வந்தாலும் நிரூபிக்க முடியாது. மற்ற கார்களை எல்லாம் நிறுத்திவிட்டு இதை மட்டும் ஓடவிட்டுப் பார்க்கவா முடியும்? நிரூபிக்க முடியாத குற்றம் குற்றமே இல்லை என்று மனசு வெகு சீக்கிரம் சமாதானமாகிவிடும். சட்டம் இருக்கிறது, புகைச் சான்றிதழ் இருக்கிறது. சான்றிதழ் எப்படியெல்லாம் கிடைக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

மைத்துனர் பைப் ஒட்டவில்லை. அறத்தினால் என்று சொல்ல ஆசைதான். இன்னும் ஓர் ஆண்டில் காரை விற்கிற யோசனை இருந்தது, விளக்கு எரிந்தால் விலை போகாது. நாலு பிளக், ஒரு காயில், ஒரு கன்வெர்ட்டர் என்று போட்டார். நல்ல காரியங்கள் பலவும் இப்படித்தான் நடக்கின்றன. அதற்காக நான் அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கொஞ்சம் மேலே போய் இன்னொரு கொலையாளியையும் பார்க்க வேண்டும்: கலப்படம். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தால் சரியாக எரியாது, அழுக்குப் படியும், கன்வெர்ட்டருக்கும் கேடு. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டதே இதைத் தடுக்கத்தான். மானிய விலைக்கும் பங்க் விலைக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தில் வட இந்தியாவில் பெரிய சாம்ராஜ்யங்களே நடந்தன. வண்டிக்காரர் மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருக்க, காரணம் பல மைல் தள்ளி ஒரு டேங்கரில் இருந்தது. அந்த இடம் வரை நடந்துபோன ஒருவர் மஞ்சுநாத் சண்முகம். லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்து இந்தியன் ஆயிலில் அதிகாரியாக இருந்தவர். உத்தரப்பிரதேசத்தில் லக்கீம்பூர் கேரி பக்கம், கலப்படத்துக்காக நடவடிக்கை எடுத்த ஒரு பங்க்கை மறுபடியும் சோதிக்கப் போனார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொன்றார்கள். வயது 27. உடல் அவருடைய காரிலேயே கிடந்தது. குற்றவாளிகளின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2015ல் உறுதி செய்தது. காரணத்தைத் தேடுவது எல்லா சமயத்திலும் டார்ச் அடித்துப் பார்க்கிற வேலையாக இருப்பதில்லை.

(இந்த இடத்தில் ஒரு குறள் வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மருந்து அதிகாரத்தில் இருக்கிறது. முக்கால்வாசி ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழேதான் மாத்திரையை எழுதிக்கொடுத்து அனுப்புகிறார்கள்.)

கன்வெர்ட்டரைக் கொன்றவர்கள் பட்டியலில் முதல் பெயர் இதெல்லாம் இல்லை. ஈயம். 1921ல் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கொஞ்சம் கலந்தால் எஞ்சின் இடிக்காமல் ஓடும் என்று கண்டுபிடித்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த தொழிற்சாலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்து விழுந்தார்கள். ஐந்து பேர் செத்தார்கள். நிர்வாகத் தரப்பில் ஒருவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன காரணம்: அவர்கள் அளவுக்கு மீறி உழைத்திருக்கலாம். குழாயின் கடைசியில் நின்றவர்கள் மேலேயே பழி! அதே மாதக் கடைசியில் மிட்ஜ்லி நிருபர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, ஒரு நிமிஷம் முகர்ந்தும் காட்டினார். அவரே முந்தின வருஷம் ஈய நச்சுக்காக ஓய்வில் இருந்து வந்தவர்.

பிரெஞ்சுக்காரர் யூஜின் ஹூட்ரி, லாஸ் ஏஞ்சலீஸின் புகைமூட்டத்தைப் பார்த்துக் கவலைப்பட்டு, கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் செய்து 1956ல் அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கினார். காரில் மாட்ட முடியவில்லை. பெட்ரோலில் இருந்த ஈயம் பூச்சின் மேல் படிந்து, அதைச் செயலிழக்க வைத்துவிடும். 1962ல் ஹூட்ரி இறந்தபோது அவருடைய கருவி கார்களுக்கு வரவில்லை. அதே 1956ல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று கணித்துச் சொன்னவர் கிளேர் பேட்டர்சன். பாறைத் துண்டில் ஈயத்தை அளக்கப் போனால், எங்கு பார்த்தாலும் வெளியிலிருந்து வந்த ஈயம் அளவைக் கெடுத்தது. ஆய்வகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு மற்றவர்கள் செய்யாத ஒன்றைச் செய்தார். இந்த அழுக்கு எங்கேயிருந்து வருகிறது என்று தேடிப் போனார். கடல் தண்ணீர், துருவப் பனி என்று தேடி, கடைசியில் கார்களின் புகைக்குழாயில் வந்து நின்றார். 1965ல் எழுதினார். ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது. 1971ல் காற்றில் ஈயம் பற்றி ஆராய அமெரிக்காவில் ஒரு குழு போட்டபோது, உலகத்தில் அதைப் பற்றி அதிகம் தெரிந்த அவரைச் சேர்க்கவில்லை.

அப்புறம் ஈயம் எப்படி வெளியேறத் தொடங்கியது தெரியுமா? 1970ல் கடுமையான காற்றுச் சட்டம் வந்தது. 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் மாட்ட வேண்டியதானது. கன்வெர்ட்டர் பிழைக்க ஈயமில்லாத பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்தது. குழந்தைகளின் மூளையில் ஈயம் செய்யும் கேட்டைப் பற்றி டாக்டர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் கதவைத் திறந்துவிட்டது பிளாட்டினம்.

நம் நாட்டிலும் அதே மாதிரிதான். 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை நான்கு நகரங்களில் விற்கும் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயம். கூடவே ஈயமில்லாத பெட்ரோலும் அங்கே வந்தது. நாடு முழுக்க ஈயம் நின்றது 2000 பிப்ரவரி 1 அன்று. நடுவில் கிட்டத்தட்ட ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்தில் சென்னையில் புது கார் வாங்கி, ஆடித் தபசுக்கு ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு சங்கரன்கோவில் வருகிறவர் வழியில் எந்த பங்க்கில் நிரப்புவது என்று விசாரித்து விசாரித்து நிரப்ப வேண்டும். சில டாங்க் ஈயப் பெட்ரோல் போதும், கன்வெர்ட்டர் திரும்பி வராது. கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணைத் தோல் வியாதிக்குப் பூசுகிற பக்தர்கள் உண்டு. அதற்கெல்லாம் மருந்து கிடையாது.

கார்க்காரருக்கு அந்தக் கவலை இருந்தது. கையேட்டில் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. கன்வெர்ட்டர் இல்லாத ஊர்க்காரர்களுக்கு எந்தக் கையேடும் இல்லை. அவர்கள் அந்த ஐந்து வருஷமும், அதற்கு முந்தைய பல வருஷங்களும், அதே காற்றைச் சும்மா இழுத்துக்கொண்டு இருந்தார்கள். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா கார்களுக்கு ஈயப் பெட்ரோலை நிறுத்தியது 2021 ஜூலையில். அன்றைய கன்வெர்ட்டர்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. எலும்பில் சேர்ந்த ஈயத்துக்கு அந்த வசதி இல்லை. கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு இருபது, முப்பது வருஷம் இருக்கும். வயதாகி எலும்பு தேயும்போது, அல்லது ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு வரும். 1998ல் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு திருநெல்வேலி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஐந்து வயதுப் பெண்ணுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல்.